கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் நுரையீரலில் ரத்தக்கட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரசவம் நல்லபடியாக முடிந்தது என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோருடைய கண்ணும் குழந்தை மேல் போய்விடும். ரத்தக்கட்டி விஷயத்தில் அம்மாவை உன்னிப்பாகப் பார்க்க வேண்டிய வாரங்கள் அப்போதுதான் தொடங்குகின்றன. கர்ப்பிணிகளும் வீட்டாரும் வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் கீழே இருக்கின்றன. பதில்கள் பொதுவானவை. யாருக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ரத்தக்கட்டி நுரையீரலுக்கு எப்படிப் போகிறது?

பெரும்பாலும் அது நுரையீரலில் உருவாவதில்லை. காலிலோ இடுப்புக்குள்ளோ ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் உறைந்து கட்டியாகிறது. அதில் ஒரு துண்டு பிய்ந்து, ரத்த ஓட்டத்தோடு மேலேறி, இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து, நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் சிக்கிக்கொள்கிறது. அடைபட்ட இடத்துக்கு அப்பால் ரத்தம் போகாது. மூச்சில் இழுத்த ஆக்ஸிஜன் அந்தப் பகுதியில் வீணாகிறது.

சிறிய துண்டு என்றால் நெஞ்சின் ஓரத்தில் வலியோடு நிற்கலாம். பெரிய துண்டு என்றால், அடைப்பை எதிர்த்து ரத்தத்தைத் தள்ள முடியாமல் இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்துபோகும். ரத்த அழுத்தம் விழும், ஆள் மயங்கிவிடுவார். சில நிமிடங்களிலேயே உயிர் போகவும் கூடும்.

மருத்துவமனைச் சீட்டில் இதை 'பல்மனரி எம்பாலிசம்' அல்லது 'பி.இ.' என்று எழுதுவார்கள். காலில் இருக்கும் கட்டிக்கு 'டி.வி.டி.' என்று பெயர். இரண்டையும் தனித்தனி நோய்களாக நினைக்க வேண்டாம். ஒரே நோயின் இரண்டு கட்டங்கள்தான் அவை.

கர்ப்பமானால் ஏன் ரத்தம் சீக்கிரம் உறைகிறது?

பிரசவத்தில் ரத்தம் கொட்டித் தாய் இறந்துவிடாமல் இருக்க உடம்பு முன்கூட்டியே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. ஃபைப்ரினோஜென் உள்ளிட்ட உறையவைக்கும் புரதங்கள் கூடுகின்றன. உறைவைத் தடுக்கும் 'புரோட்டீன் எஸ்' குறைகிறது. கட்டிகளைக் கரைக்கும் வேலையும் மந்தமாகிறது.

ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 19ஆம் நூற்றாண்டில் செய்த ஆராய்ச்சிகளை ஒட்டி, ரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்களை இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள்: ரத்தத்தின் தன்மை மாறுவது, ஓட்டம் தேங்குவது, ரத்தக்குழாயின் உட்சுவர் அடிபடுவது. கர்ப்பத்தில் இந்த மூன்றுமே உண்டு. தன்மை மாறுவதை மேலே சொன்னேன். வளரும் கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துவதால் கால் ரத்தம் மெதுவாகத்தான் மேலே ஏறுகிறது. பிரசவத்தின்போது, அதிலும் சிசேரியன் என்றால், குழாய்களில் காயம் படுகிறது.

கர்ப்பிணிகளுக்குக் கால் கட்டி வந்தால் பெரும்பாலும் இடது காலில்தான் வரும். இடது காலிலிருந்து வரும் பெரிய சிரையின் மேல், வலது காலுக்குப் போகும் தமனி குறுக்கே படிந்து செல்கிறது. கருப்பையின் பாரமும் சேரும்போது அந்த இடம் இன்னும் நசுங்குகிறது.

எத்தனை பேருக்கு இது வருகிறது? பயப்பட வேண்டுமா?

கால் கட்டி, நுரையீரல் கட்டி இரண்டையும் சேர்த்தால் 1000 கர்ப்பங்களில் 1 அல்லது 2. அதே வயதில் கர்ப்பமில்லாத பெண்ணோடு ஒப்பிட்டால் ஆபத்து 4 முதல் 5 மடங்கு. ஆக, பெரும்பாலான பெண்களுக்கு வராது. ஆனால் வந்தவருக்குத் தாமதம் ஆபத்து. பிரிட்டனில் 2020 முதல் 2022 வரையான தாய்மார் மரணங்களை ஆராய்ந்தபோது, முதலிடத்தில் இருந்த காரணம் ரத்தக்கட்டிதான். இந்தியாவில் ரத்தப்போக்கு, ரத்த அழுத்தம், கிருமித்தொற்று ஆகியவைதான் அதிகத் தாய்மார்களைப் பலிவாங்குகின்றன. அதனாலேயே ரத்தக்கட்டி சட்டென்று யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

எந்த மாதத்தில் ஆபத்து அதிகம்?

முதல் மூன்று மாதத்திலேயே வரலாம். மாதம் ஏற ஏறக் கூடும். ஆனால் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், பிரசவத்துக்குப் பிந்தைய முதல் 6 வாரங்கள்தான் உச்சம். அதிலும் முதல் சில வாரங்கள். அப்புறம் வேகமாகக் குறைந்தாலும் 12 வாரம் வரை சிறிதளவு ஆபத்து மிச்சமிருக்கிறது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கர்ப்பம் முழுக்க மாதாமாதம் செக்-அப்புக்குப் போனவர், தையல் பிரித்த பிறகு மருத்துவமனைப் பக்கம் போவதில்லை. 'டெலிவரிதான் முடிஞ்சுபோச்சே' என்ற நிம்மதி எல்லோருக்கும் வந்துவிடுகிறது. ரத்தத்தில் கூடியிருந்த உறையவைக்கும் புரதங்களோ இறங்குவதற்குப் பல வாரங்கள் எடுத்துக்கொள்கின்றன.

கருச்சிதைவு, கருக்கலைப்பு ஆனவர்களுக்கும் இது பொருந்தும். குழந்தை கையில் இல்லை என்பதால் 'பிரசவித்தவர்' என்ற கவனம்கூட அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

கர்ப்பத்தில் மூச்சு வாங்குவது சகஜம்தானே? எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது?

சகஜம்தான். கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் மூச்சு வாங்கும். புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் மூளையைத் தூண்டி ஆழமாக மூச்சு விட வைக்கிறது. கடைசி மாதங்களில் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. ரத்தசோகை இருந்தால் இன்னும் வாங்கும். இந்த வகை மூச்சு வாங்கல் வாரக்கணக்கில் மெதுவாக வரும். மாடி ஏறினால் கூடும், உட்கார்ந்தால் அடங்கும்.

சந்தேகப்பட வேண்டியது வேறு மாதிரி இருக்கும். நேற்று வரை இல்லாத மூச்சுத் திணறல் இன்று திடீரென்று வருவது. உட்கார்ந்திருக்கும்போதும், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்கும் முன்பும் மூச்சு வாங்குவது. மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சிலோ விலாவிலோ முதுகிலோ கத்தி குத்துவது போன்ற வலி. காரணமில்லாமல் படபடவென்று அடிக்கும் இதயம். இருமலில் ரத்தம். மயக்கம், கண் இருட்டல். எல்லாம் சேர்ந்து வர வேண்டும் என்று இல்லை, ஒன்றே ஒன்று வந்தாலும் போதும். 'ஏதோ ஆகப்போகிறது' என்ற இனம்புரியாத பயத்தைப் பல நோயாளிகள் பிறகு சொல்லியிருக்கிறார்கள். அதையும் கவலைப்படுகிற குணம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

நம் வீடுகளில் நெஞ்சு வலிக்கு முதலில் கிடைக்கும் பெயர் வாயு. ஓமத் தண்ணீரும் பூண்டும் கொடுத்து 'சரியாயிடும், படு' என்பார்கள். பிரசவித்த பெண்ணிடம் 'பால் கட்டியிருக்கும்' அல்லது 'ஊசி போட்ட முதுகு, அப்படித்தான் வலிக்கும்' என்பார்கள். இவை பல நேரம் உண்மையாகவே இருக்கும் என்பதுதான் சிக்கல். மூச்சோடு சேர்ந்த வலியா என்று ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் ஓமத் தண்ணீருக்குப் போகலாம்.

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்ஸிமீட்டர் பல வீடுகளில் இருக்கிறது. அது 95-க்குக் கீழே காட்டினால் உடனே கிளம்புங்கள். ஆனால் 98 காட்டுகிறது என்பதற்காக வீட்டில் இருந்துவிடாதீர்கள். நுரையீரலில் கட்டி இருந்தும் ஆக்ஸிஜன் அளவு சரியாக இருக்கிறவர்கள் உண்டு.

காலில் எதைக் கவனிக்க வேண்டும்?

கர்ப்பத்தில் இரண்டு காலும் ஒரே அளவு வீங்குவது பொதுவானது. அதோடு தலைவலி, பார்வை மங்கல் இருந்தால் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். அது வேறு கதை. ஒரு கால் மட்டும், பெரும்பாலும் இடது கால், வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக, நிறம் மாறித் தெரிந்தால் ரத்தக்கட்டியைச் சந்தேகிக்க வேண்டும். கட்டி இடுப்புச் சிரையில் இருந்தால் கெண்டைக்காலில் ஒன்றுமே தெரியாது. தொடை முழுக்க வீங்கும், அல்லது இடுப்பு மடிப்பிலும் பிட்டத்திலும் அடிமுதுகிலும் வலிக்கும். இந்த வலியை எல்லோரும் இடுப்புவலிக் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

இப்படி ஒரு கால் வீங்கியிருக்கும்போது எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது கூடாது. பாட்டி எவ்வளவு ஆசையாக வந்தாலும் சரி. காலில் இருக்கும் கட்டியைக் கவனிக்காமல் விட்டால் 100-இல் 15 முதல் 24 பேருக்கு அது நுரையீரலுக்குப் போகிறது.

சந்தேகம் வந்தால் எங்கே போவது, என்ன சொல்வது?

திடீர் மூச்சுத் திணறல், மயக்கம், இருமலில் ரத்தம் என்றால் ஆம்புலன்ஸை அழையுங்கள்: தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. தெருமுனை கிளினிக்கில் டோக்கன் போட்டுக் காத்திருக்க வேண்டாம். சி.டி. ஸ்கேனும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடம்தான் தேவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இவை உண்டு. பிரசவம் பார்த்த சின்ன நர்சிங் ஹோமுக்கே திரும்பிப் போவது நமக்குப் பழக்கம். அங்கே ஸ்கேன் இல்லையென்றால் அரை மணி நேரம் வீண்.

போனதும் முதல் வாக்கியமே 'குழந்தை பிறந்து பத்து நாள் ஆகுது' அல்லது 'ஏழு மாசம்' என்று இருக்கட்டும். அவசரப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவருக்கு உங்களைப் பார்த்ததும் அது தெரியாது. குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தால் நிச்சயம் தெரியாது. பிறகு நேரடியாகக் கேளுங்கள்: 'நுரையீரல்ல ரத்தக்கட்டி இருக்குமோன்னு பார்த்தீங்களா, டாக்டர்?' இப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு வந்தது இதுதானா?

ஆமாம். 2017 செப்டம்பர் 1 அன்று அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. வலி எடுத்த நேரத்தில் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கியதால் அவசர சிசேரியன். மறுநாள் அவருக்கு மூச்சு முட்டியது. 2011-இல் ஏற்கெனவே ஒருமுறை நுரையீரல் கட்டி வந்தவர் என்பதால் அவருக்கே புரிந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்காக உறைவுத் தடுப்பு மருந்தையும் நிறுத்தியிருந்தார். சி.டி. ஸ்கேனும் ஹெப்பாரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்தும் வேண்டும் என்று செவிலியரிடம் சொன்னார். வலி மருந்தின் மயக்கத்தில் குழம்பிப் பேசுகிறார் என்று செவிலியர் நினைத்தாராம். செரீனா விடாமல் மறுபடி வலியுறுத்தினார். வந்த மருத்துவர் முதலில் காலை ஸ்கேன் செய்தார். அதில் ஒன்றும் இல்லை. அப்புறம் சி.டி. எடுத்தபோது நுரையீரலில் கட்டிகள் தெரிந்தன.

அத்தோடு முடியவில்லை. விடாத இருமலால் சிசேரியன் தையல் பிரிந்தது. வயிற்றுக்குள் ரத்தம் தேங்கி மறுபடி அறுவை சிகிச்சை. கட்டிகள் மேலே போகாமல் தடுக்கப் பெரிய சிரையில் ஒரு வடிகட்டியும் வைத்தார்கள். வீட்டுக்கு வந்து 6 வாரம் படுக்கையில் இருந்தார்.

உலகம் அறிந்த, தன் உடம்பை நன்றாகத் தெரிந்த, முன்பே இந்த நோய் வந்த ஒருவரே இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் பிரசவத்துக்கு வந்த இருபத்திரண்டு வயதுப் பெண் தானாகச் சொல்வாள் என்று காத்திருக்க முடியாது. கூட இருப்பவர் கேட்க வேண்டும். கால் ஸ்கேன் சுத்தமாக இருப்பதால் நுரையீரலும் சுத்தம் என்று ஆகாது என்பதும் இந்தச் சம்பவத்தில் தெரிகிறது.

என்னென்ன பரிசோதனைகள் செய்வார்கள்? சி.டி. எடுத்தால் வயிற்றுக் குழந்தைக்குக் கெடுதல் இல்லையா?

முதலில் நாடி, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன், இ.சி.ஜி., நெஞ்சு எக்ஸ்ரே. எக்ஸ்ரே பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். நிமோனியா போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. காலில் அறிகுறி இருந்தால், சிரையில் ரத்தம் ஓடுவதைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். அதில் கட்டி தெரிந்துவிட்டால் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம், பல நேரம் மேற்கொண்டு ஸ்கேன் தேவைப்படாது. தெரியாவிட்டால் நுரையீரல் ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ, அல்லது நுரையீரலில் காற்றும் ரத்தமும் எங்கெங்கே போகின்றன என்று காட்டும் வி-க்யூ ஸ்கேன்.

கதிர்வீச்சைப் பற்றிய பயம் நியாயமானது, ஆனால் கணக்கைப் பாருங்கள். கருவுக்குக் கெடுதல் செய்யக்கூடும் என்று கவலைப்படும் அளவு 50 மில்லிகிரே. இந்த இரண்டு ஸ்கேன்களிலும் குழந்தைக்குப் போய்ச் சேருவது பொதுவாக 1 மில்லிகிரேகூட இல்லை. சி.டி.யில் தாயின் மார்பகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் படும். வி-க்யூவில் குழந்தைக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். எது கையருகில் இருக்கிறதோ அதை எடுப்பதுதான் நடைமுறை. கண்டுபிடிக்காத கட்டியால் தாய்க்கும் குழந்தைக்கும் வரும் ஆபத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஸ்கேன் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுமுன் இதை யோசியுங்கள்.

டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை கர்ப்பத்தில் நம்மைக் குழப்பும். நோயே இல்லாத கர்ப்பிணிக்கும் அது ஏறித்தான் இருக்கும். அதை வைத்து மட்டும் 'கட்டி இருக்கிறது' என்று பயப்படக் கூடாது. சில அறிகுறிக் கேள்விகளோடு சேர்த்துப் பயன்படுத்தினால் கணிசமான பெண்களுக்கு சி.டி.யைத் தவிர்க்கலாம் என்று 2019-இல் ஓர் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. எல்லா நாட்டு வழிகாட்டிகளும் அதை இன்னும் ஏற்கவில்லை.

சந்தேகம் வலுவாக இருந்தால் ஸ்கேன் முடிவு வரும் வரை காத்திராமல் முதல் ஊசியைப் போட்டுவிடுவார்கள். அது சரியான முறைதான்.

சிகிச்சை என்ன?

ஹெப்பாரின் வகை ஊசிதான் அடிப்படை. பெரும்பாலும் எனாக்ஸாபரின் அல்லது டால்டெபரின், உடல் எடைக்கேற்ற அளவில், தினம் ஒரு முறையோ இரு முறையோ, வயிற்றுத் தோலுக்கு அடியில் போடுவது. இந்த மருந்து நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. இது கட்டியைக் கரைப்பதில்லை. புதிதாக உறையாமலும், இருப்பது வளராமலும் தடுக்கிறது. கரைக்கிற வேலையை உடம்பே வாரக்கணக்கில் செய்துகொள்கிறது.

ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்குப் போராடும் நிலை என்றால் கட்டியைக் கரைக்கும் மருந்து, அல்லது கட்டியை நேரடியாக எடுக்கும் சிகிச்சை. ரத்தப்போக்கு அபாயம் உண்டுதான். ஆனாலும் கர்ப்பிணி என்பதற்காக அதைக் கொடுக்காமல் விடுவதில்லை.

வார்ஃபரின் என்ற உறைவுத் தடுப்பு மாத்திரை நச்சுக்கொடியைத் தாண்டும். குறிப்பாக 6 முதல் 12 வாரத்தில் குழந்தைக்கு உறுப்புக் குறைபாடுகளை உண்டாக்கும். அதனால் கர்ப்பத்தில் தவிர்க்கிறார்கள். செயற்கை இதய வால்வு உள்ள சிலருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. ரிவராக்ஸபான், அபிக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகள் கர்ப்பத்திலும் வேண்டாம், பால் கொடுக்கும்போதும் வேண்டாம்.

வயிற்றிலேயே ஊசி போடச் சொல்கிறார்களே! குழந்தைக்குக் குத்திவிடாதா?

குத்தாது. அரை அங்குல ஊசி, தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே போகாது. தோலை இரு விரலால் மடித்துப் பிடித்து, நேராகச் செலுத்தி, மெதுவாக அழுத்த வேண்டும். தினமும் இடத்தை மாற்றுங்கள். தேய்க்காதீர்கள், தேய்த்தால் கன்றிப்போகும். முன்பே நிரப்பி வரும் ஊசியில் இருக்கும் சிறு காற்றுக்குமிழை வெளியேற்றத் தேவையில்லை. இரண்டு மூன்று நாளில் பெரும்பாலானவர்களுக்குக் கை பழகிவிடும். கணவர்கள்தான் அதிகம் பயப்படுவார்கள்.

இன்னொரு விஷயம். ஹெப்பாரின் வகை மருந்துகள் பன்றிக் குடலிலிருந்து தயாராகின்றன. மத நம்பிக்கையாலோ சைவ உணவுப் பழக்கத்தாலோ தயக்கம் இருந்தால், ஊசியைச் சொல்லாமல் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் பேசுங்கள். ஃபோண்டாபரினக்ஸ் என்ற செயற்கை மருந்து இருக்கிறது. கர்ப்பத்தில் அதைப் பயன்படுத்திய அனுபவம் குறைவு என்பதால் முடிவை நிபுணரிடம் விட வேண்டும்.

ஊசி எடுத்துவரும் நாள்களில் பிரசவ வலி வந்துவிட்டால்?

வலி தொடங்கியது போலத் தெரிந்தால் அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தேதி குறித்த பிரசவம் என்றால், முழு அளவு ஊசியை 24 மணி நேரம் முன்பும், கட்டி வராமல் தடுக்க மட்டும் போடும் குறைந்த அளவு ஊசியை 12 மணி நேரம் முன்பும் நிறுத்துவது வழக்கம். முதுகில் மயக்க ஊசி போடும்போது தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கசியாமல் இருக்கத்தான் இந்த இடைவெளி. கடைசி ஊசி எத்தனை மணிக்குப் போட்டது என்பதை ஒரு சீட்டில் எழுதி வைத்திருங்கள். மயக்க மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

சுகப்பிரசவம் ஆகலாம். கட்டி வந்தது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை.

எத்தனை நாள் தொடர வேண்டும்? தாய்ப்பால் கொடுக்கலாமா?

குறைந்தது 3 மாதம் மொத்தச் சிகிச்சை, அதோடு பிரசவத்துக்குப் பிறகு குறைந்தது 6 வாரம். இரண்டில் எது பிந்தி முடிகிறதோ அதுவரை. ஐந்தாம் மாதத்தில் கட்டி வந்தவர் குழந்தை பிறந்து 6 வாரம் வரை ஊசியில் இருப்பார். பிரசவத்துக்குப் பிறகு வந்தவருக்கு 3 மாதம்.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். ஹெப்பாரின் வகை ஊசியும் வார்ஃபரினும் பால் கொடுப்பவருக்குப் பாதுகாப்பானவை. சி.டி.க்குப் போட்ட சாய மருந்துக்காகவும் பாலை நிறுத்த வேண்டாம். வி-க்யூ ஸ்கேனுக்குப் பிறகு மட்டும் சில மணி நேரம் கறந்து கொட்டச் சொல்லலாம்.

வார்ஃபரினுக்கு மாறினால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்குத் தவறாமல் போக வேண்டும். கீரை வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்றாலும் அதை விட்டுவிட வேண்டாம். ஒரு நாள் கட்டுக் கட்டாகச் சாப்பிட்டு அடுத்த வாரம் தொடாமல் இருப்பதுதான் கணக்கைக் கெடுக்கும். பிரசவ லேகியம், நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளில் சில ரத்தப்போக்கைக் கூட்டும்.

யாருக்கெல்லாம் இது வர வாய்ப்பு அதிகம்?

முன்பே கட்டி வந்தவர்களுக்கு மிக அதிகம். பெற்றோர், கூடப்பிறந்தவர்களுக்கு வந்திருந்தாலும், பரம்பரையாக ரத்தம் உறையும் தன்மை இருந்தாலும் ஆபத்து கூடும். லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்), இதய நோய், கடும் சிறுநீரக நோய் உள்ளவர்களும் சேர்வார்கள். அதற்கடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தால் சின்னதாகத் தெரிந்து கூட்டினால் பெரிதாகிற காரணங்கள்: 35 வயதுக்கு மேல், உடல் பருமன், இரட்டைக் குழந்தை, கால்களில் பெரிய நரம்புச் சுருட்டல், ரத்த அழுத்த நோய், நீண்ட பிரசவ வலி, ஒரு லிட்டருக்கு மேல் ரத்தப்போக்கு, கிருமித்தொற்று, நாள்கணக்கில் படுக்கை. குழந்தைப்பேறு சிகிச்சையில் கருமுட்டைப் பை அதிகமாகத் தூண்டப்பட்டு வயிறு உப்பியவர்களும், மசக்கை வாந்தியால் தண்ணீர்ச்சத்து வற்றி அட்மிட் ஆனவர்களும் முதல் மூன்று மாதத்திலேயே எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்களின் வழிகாட்டி இவற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. 4 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்தும், 3 என்றால் 28-ஆம் வாரத்திலிருந்தும், 2 என்றால் பிரசவத்துக்குப் பிறகு குறைந்தது 10 நாளும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியைப் பரிசீலிக்கச் சொல்கிறது. அதில் அவசர சிசேரியன் ஒன்றே 2 மதிப்பெண்ணைத் தந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 100 பிரசவங்களில் கிட்டத்தட்ட 45 சிசேரியன். இங்கே எல்லோருக்கும் அதே அளவுகோல்தான் என்று சொல்லவில்லை. ஆனால் டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் 'எனக்கு ரத்தக்கட்டி ஆபத்து எவ்வளவு, ஊசி தேவையா?' என்று கேட்டுவிட்டுக் கிளம்ப நம்மில் பாதிப் பேருக்குக் காரணம் இருக்கிறது.

பச்சை உடம்புக்காரி நடக்கக் கூடாது, தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது என்கிறார்களே?

ஓய்வு வேண்டும் என்பதில் தவறில்லை. கொல்லையில் நீர் இறைத்து, நெல் குத்திய காலத்தில் பிரசவித்தவளுக்கு வேலையிலிருந்து விடுதலை வாங்கித் தந்த வழக்கம் அது. ஆனால் படுத்த படுக்கையாகக் கிடப்பது ஓய்வு ஆகாது. சிசேரியன் ஆனாலும் மயக்கம் தெளிந்து மருத்துவர் அனுமதித்ததும் எழுந்து நிற்க வேண்டும், முதல் நாளே நான்கு அடி நடக்க வேண்டும். வலிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வலி மருந்து கேட்டு வாங்கிக்கொண்டு நடங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அறைக்குள்ளேயாவது பகலில் அடிக்கடி எழுந்து உலாவ வேண்டும்.

தண்ணீரைக் குறைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. 'தண்ணி குடிச்சா வயிறு போடும்', 'தையல் சீழ் பிடிக்கும்' என்று சொல்லி, தாகமெடுத்த பெண்ணுக்கு அரை டம்ளர் வெந்நீர் அளந்து கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பால் சுரப்பதற்கே நீர் வேண்டும். சித்திரை வெயிலில் மின்விசிறியும் போடாத அறையில் நீர்ச்சத்து வற்றினால் ரத்தம் இன்னும் கெட்டியாகும். வெந்நீராகக் கொடுக்க ஆசைப்பட்டால் கொடுங்கள், ரசமாகவும் கொடுங்கள், ஆனால் அளக்காதீர்கள்.

இதே நாள்களில் மூளைச் சிரைகளிலும் ரத்தம் உறையலாம். பிரசவித்த பெண்ணுக்கு விடாத கடும் தலைவலி, வாந்தி, பார்வைக் குழப்பம், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது என்று எது வந்தாலும் அதுவும் அவசரம். வலிப்பு வந்தவரைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி நேரத்தை இழந்துவிடக் கூடாது.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு இரவு பஸ்ஸில் போகலாமா?

போகலாம், ஆனால் 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்காருவது ஆபத்தைக் கூட்டும். சென்னையிலிருந்து திருநெல்வேலி என்றால் ரயில் நல்லது. எழுந்து நடக்கலாம், கழிப்பறை இருக்கிறது. பஸ்ஸில் போகும் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை என்பதற்குக் காரணம் அலட்சியம் இல்லை, வழியில் நிறுத்தும் இடங்களின் கழிப்பறைகள்தான். காரில் போனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி நடங்கள். உட்கார்ந்த இடத்தில் கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுங்கள். முன்பே கட்டி வந்தவர்கள் பயணத்துக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். அது போதாதா?

போதாது. கர்ப்பத்தில் கொடுக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரின் ரத்த அழுத்த நோயைத் தடுக்க. சிரைக் கட்டிக்கு அது ஹெப்பாரினின் இடத்தைப் பிடிக்காது.

ஒருமுறை வந்துவிட்டது. இனி குழந்தை பெற முடியாதா? கருத்தடைக்கு என்ன செய்வது?

பெறலாம். அடுத்த முறை, கர்ப்பம் உறுதியானதுமே, சில நேரம் கர்ப்பத்துக்கு முன்பே, மருத்துவரைப் பார்த்து உறைவுத் தடுப்பு ஊசியைத் தொடங்க வேண்டும். வார்ஃபரினில் இருப்பவர் கர்ப்பமானால் ஆறாவது வாரத்துக்குள் ஊசிக்கு மாற வேண்டும். ஆகவே மாதவிடாய் தள்ளிப்போனால் மறுநாளே பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கருத்தடைக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை இனி வேண்டாம். மாதவிடாயைத் தள்ளிப்போடவோ ஒழுங்குபடுத்தவோ கொடுக்கும் மாத்திரையிலும் அது இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம்.

மூன்று மாதம் கழிந்தும் மூச்சு வாங்கல் போகவில்லை என்றால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்க்க வேண்டும். சிலருக்குக் கட்டி முழுதாகக் கரையாமல் நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடிவிடும். அது அரிது, ஆனால் சிகிச்சை உண்டு.

பயன்படுத்திய ஊசிகளை எங்கே போடுவது?

குப்பைத் தொட்டியில் வேண்டாம், தூய்மைப் பணியாளரின் கையில் குத்தும். மூடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, முக்கால்வாசி நிறைந்ததும் மூடி, ஊசி எழுதிக்கொடுத்த மருத்துவமனையிலோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். தவழும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் டப்பா இருக்கட்டும்.